ஷர்காவைக் கட்டிய பதினைந்து நாட்கள்

செப்டம்பர் 21, 2003, ஞாயிறு

ஜெபமாலையில் நான்காவது பத்து முடியவில்லை, சோத்னோமின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஞாயிறு காலையில் யாரும் வரக் கூடாது என்று இருபது வருடமாகச் சொல்கிறேன். அவனுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான்.

"அண்ணி, உங்க சாமி கோவிச்சுக்கலைன்னா ஒரு கிண்ணம் டீ."

"சாமி கோவிச்சுக்காது. நான் கோவிச்சுப்பேன்."

அதற்குள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான். என் கணவர் லுன்தேக் இருந்தபோதும் இப்படித்தான். அவர் சிநேகிதர்களில் எனக்குப் பயப்படாதவன் இவன் ஒருவன்.

செய்தி: வருடக் கடைசிக்குள் எங்கள் ஓர்தோஸ் பக்கத்து மேய்ச்சல் நிலம் முழுவதையும் அரசாங்கத்தார் மூடுகிறார்கள். புல் திரும்ப வளர வேண்டுமாம். எல்லோருக்கும் குடியிருப்பில் செங்கல் வீடு. சோத்னோம் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

"கிழவிங்க யாராவது பிடிவாதமா உக்காந்திருந்தா ஒரு ஒட்டகத்தோட விட்டுடுவாங்களாம். இழுத்துக்கிட்டுப் போக மாட்டாங்க. ஆனா தண்ணி லாரி வராது அண்ணி."

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஒட்டகம் குடிக்கும், நான் குடிக்க முடியாது. நல்ல தண்ணீர் செம்மேட்டுக்கு அந்தப் பக்கம், பதினைந்து கிலோமீட்டர். ஒட்டகத்தின் மேல் இரண்டு பீப்பாய் கட்டிப் போய் வந்தால் எனக்கு இருபது நாள் வரும். ஆகவே கணக்கு எளிது. என் ஒட்டகம் ஷர்கா குளிர்காலம் முழுக்கச் சுமப்பான் என்றால் நான் இங்கே இருப்பேன். இல்லையென்றால் செங்கல் வீடு.

நான் இங்கே இருப்பேன்.

செப்டம்பர் 24

காற்று. ஷர்காவின் முன் திமில் என் கையால் ஒரு சாணும் நாலு விரலும். போன வருடம் இதே வாரத்தில் இரண்டு சாண். கோடையில் மழை இல்லாவிட்டால் இவ்வளவுதான் ஏறும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

எர்கிம் லாரியை மேட்டுக்கு அப்பால் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். என் மகன் எப்போதும் அப்படி. சத்தம் எனக்குப் பிடிக்காது என்று சொல்லிக்கொள்வான். மாவு, உப்பு, டீக்கட்டி கொண்டுவந்திருந்தான். அவன் மனைவி தானா எனக்குக் கம்பளிக் காலுறை பின்னி அனுப்பியிருக்கிறாள். ஒரு காலுறை மற்றதைவிட நீளம். சொன்னேன்.

"அவகிட்ட சொல்றேன்மா" என்றான். சொல்ல மாட்டான்.

"ஒரு அறை காலியா இருக்கு. குழாய் வீட்டுக்குள்ளயே இருக்கு. திறந்தாத் தண்ணி."

"எனக்கு இங்க என்ன குறை?"

"குறைன்னு சொல்லலையே."

"பின்ன எதுக்கு அறையைப் பத்திப் பேசற?"

டீ ஒரு கிண்ணம்தான் குடித்தான். முகம் கறுத்து இளைத்திருக்கிறான். சாலையில் தூங்காமல் ஓட்டுகிறான் போல. என்ன சரக்கு ஏற்றுகிறான் என்று கேட்டேன். "கிடைக்கறதும்மா" என்றான்.

போகும்போது ஷர்காவின் கழுத்தைத் தடவிவிட்டுப் போனான்.

அக்டோபர் 1

இன்று கட்டினேன்.

பழைய குறிப்பேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு நாள் பார்த்தேன். லுன்தேக் ஒட்டகம் கட்டிய தேதியை ஒவ்வொரு வருடமும் எழுதி வைத்திருக்கிறேன். நடுவில் பத்து வருடத்துக் குறிப்பேடுகள் இல்லை. எழுதி வைத்தது எதுவும் குற்றமாக இருந்த அந்த நாட்களில் எரிக்க வேண்டியிருந்தது. மிச்சமிருப்பதில் எல்லாம் செப்டம்பர் 30, அக்டோபர் 1, அக்டோபர் 2. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், நாட்காட்டி பார்த்ததே கிடையாது. ஆனால் தேதி பிசகியதில்லை. கடைசிச் சில வருடம் மட்டும் 6, 9, 12 என்று தள்ளிப் போயிருக்கிறது. ஓரத்தில் நானே எழுதியிருக்கிறேன்: "சோம்பல்."

கோடைக் கொழுப்பு வெண்ணெய் மாதிரி. அதோடு குளிரில் சுமை ஏற்றினால் ஒட்டகத்துக்கு வேர்க்கும், வேர்வை உடம்பிலேயே உறையும், அப்புறம் அந்த ஒட்டகம் இல்லை. அதனால்தான் கட்டுவது. குட்டைக் கயிறு, தீனி கிடையாது, தண்ணீர் கிடையாது. ஏழு நாளுக்குப் பிறகு விடியற்காலையில் கொஞ்சம் மேயவிடலாம். வயிறு ஒட்ட வேண்டும், திமில் கல்லாக வேண்டும், புழுக்கை சிறுத்துக் காய வேண்டும். பிறகுதான் தண்ணீர், அதுவும் அரை வாளி. வயிறு நிறையக் கொடுத்தால் கட்டியது வீண்.

முளை அடிக்க சோத்னோம் வந்தான். திமிலைப் பிடித்துப் பார்த்தான்.

"அண்ணி, கொழுத்த ஒட்டகத்தைத்தான் கட்டுவாங்க. இது என்னை மாதிரி இருக்கு. எதைக் கெட்டியாக்கப் போறீங்க?"

"நீ உன் ஒட்டகத்தை என்னைக்காவது ஒழுங்காக் கட்டியிருக்கியா? ஒவ்வொரு ஜனவரிக் குளிருக்கும் வண்டி நின்னு போய் எங்க வாசல்லதான் வந்து நிப்ப."

"நின்னேன். உங்க வீட்டு டீ நல்லா இருக்கும்."

முளையை அடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். கிணற்றுக்கு இருபது அடியில் நிழல் படுகிற இடமாகப் பார்த்து அடிக்கச் சொன்னேன்.

அக்டோபர் 2

அமைதியாக நிற்கிறான். நல்ல வளர்ப்பு.

அக்டோபர் 4, புனித பிரான்சிஸ் திருநாள்

பள்ளியில் இந்த நாளில் எங்களுக்குக் கோதுமை ரொட்டி கிடைக்கும். சிஸ்டர் கோதலீவ் பெல்ஜியத்திலிருந்து வந்த படப் புத்தகத்தைத் திறந்து, ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருக்கிறது, பாலைவனத்தைப் படைத்த கடவுள் அதற்குத் தொட்டியும் கொடுத்தார் என்று படித்தார். ஓர்தோஸில் பிறந்த முப்பது பெண்கள் உட்கார்ந்திருந்தோம். ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. தேர்வில் எல்லோரும் "தண்ணீர்" என்றே எழுதினோம். விடுமுறையில் அப்பாவிடம் சொன்னபோது டீ புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். "ஏண்டி, திமில்ல தண்ணி இருந்தா நடக்கறப்ப சலசலன்னு கேக்காதா?"

சிஸ்டர் எழுத்தையும் கணக்கையும் ஒழுங்கையும் சொல்லிக்கொடுத்தார். அழாமல் இருக்கவும். அதற்கெல்லாம் நன்றி உண்டு.

அக்டோபர் 6

அந்தி நேரத்தில் துள்ளெலி ஒன்று வாசல் மணலில் குதித்துக்கொண்டிருந்தது. முயல் காதும் குச்சிக் காலும். பிறந்தது முதல் சாகும்வரை இது ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காது என்று லுன்தேக் சொல்வார். தின்னும் விதையிலிருந்தே ஈரத்தை எடுத்துக்கொள்ளுமாம். மூச்சோடு போகிற ஈரத்தைக்கூட மூக்கிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். குளிர் வந்தால் குழிக்குள் போய் வாயை மண்ணால் அடைத்துத் தூங்கிவிடும். வழக்கமாக இந்தத் தேதிக்கு முன்பே உள்ளே போயிருக்கும். இது ஏன் இன்னும் வெளியே சுற்றுகிறது?

யாரிடமும் எதையும் கேட்காத பிராணி. எனக்குப் பிடிக்கும்.

அக்டோபர் 8

தெற்கிலிருந்து சூடான காற்று, இரண்டு நாளாக. மே மாதம் மாதிரி மணல் பறக்கிறது. ஷர்கா மூக்கை இறுக்கி மூடி, இரட்டை இமை மயிரையும் தாழ்த்திக்கொண்டு காற்றுக்கு எதிரே நிற்கிறான். சலனமே இல்லை.

சோத்னோம் சாமான் கட்டுகிற வேலையை விட்டுவிட்டு வந்தான். "அவிழ்த்து விடுங்க அண்ணி. இந்த வெயில்ல என்ன கட்டு?"

"எட்டாம் நாள்ல அவிழ்த்தா எட்டு நாளும் வீண்."

"அண்ணன் இருந்தா..."

"அண்ணன் பண்ணினதைத்தான் பண்ணறேன். தேதியோட எழுதி வெச்சிருக்கேன், காட்டவா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சே கேக்கறீங்க" என்று சிரித்தான். ஆனால் கண் சிரிக்கவில்லை.

விடியற்காலையில் அரை மணி மேயவிட்டேன். நாலு வாய் கடித்தான், அவ்வளவுதான். ஆசை அடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 10

புழுக்கை சிறிதாகி, கொட்டை மாதிரி காய்ந்திருக்கிறது. சரியாகப் போகிறது.

முகம் கழுவத் தண்ணீர் இறைத்துக்கொண்டு போனபோது தலையைத் திருப்பி வாளியைப் பார்த்தான். நின்றேன். மறுபடி முன்னால் பார்த்துக்கொண்டான். கேட்கவில்லை. கத்தியிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ.

அக்டோபர் 12, ஞாயிறு

திமில் இன்னும் இளகலாகத்தான் இருக்கிறது. முழுக் கெட்டியாக இன்னும் மூன்று நாள். பதினைந்து என்று வைத்துக்கொள்கிறேன்.

பகலில் கழுத்தில் கை வைத்தேன். கொதித்தது. விடியற்காலையில் குளிர்ந்து கிடந்தது. ஒட்டக உடம்பு அப்படித்தான் ஏறி இறங்கும்.

அக்டோபர் 14

மண்டியிட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

கயிற்றை இழுத்தேன். "எழுந்திரு" என்றேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியபோது பேசிய குரலில். கண்ணைத் திறந்து பார்த்தான். கண் குழிக்குள் போயிருக்கிறது. எப்போதிருந்து?

அரை வாளி தண்ணீர் வைத்தேன். ஒரே உறிஞ்சல். வாளியின் அடியை நக்கினான். அப்புறம் என்னைப் பார்த்தான். முதல் தண்ணீர் அரை வாளிக்கு மேல் கூடாது. கொடுக்கவில்லை.

சோத்னோமைக் கால்நடை டாக்டரை அழைத்து வர அனுப்பினேன். மோட்டார் சைக்கிளில் போனாலும் போய் வர ஒரு நாள்.

மாலையில் இன்னொரு அரை வாளி. இந்தத் தடவை மெதுவாகக் குடித்தான்.

அக்டோபர் 15

கால்நடை டாக்டர் மதியம் வந்தான். கால்தான் என்று பெயர். என்னிடம் மூன்று வருடம் படித்தவன்; இப்போது தலை நரைத்த டாக்டர். மருந்துப் பெட்டியை வைத்துவிட்டு உதட்டைத் தூக்கிப் பார்த்தான், தோலைக் கிள்ளிப் பார்த்தான், காதில் கருவியை வைத்து ரொம்ப நேரம் கேட்டான். ஊசி போட்டான். சோத்னோமைக் கூப்பிட்டு ஷர்காவின் தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, வாளி வாளியாக ஊற்றினான். தொண்டைக்குள் போகவில்லை. கடைவாயில் வழிந்து மணலில் போனது.

என்னவென்று கேட்டேன்.

"வயசு டீச்சர். கோடையும் சரியில்ல..."

"சுத்தி வளைக்காதே. சரியாச் சொல்லு."

கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் பார்க்காமல் சொன்னான்.

"மனுஷனுக்குச் சூடேறினா வேர்க்கும். இது வேர்வையை விடாது. பகல் சூட்டை உடம்புக்குள்ளயே வாங்கி வெச்சுக்கும், ராத்திரிக் குளிர்ல வெளியில விடும். மூத்திரத்தைப் பாகு மாதிரி சுண்ட வெச்சுத்தான் விடும். உடம்பு பூரா காஞ்சாலும் ரத்தத்துல இருக்கற தண்ணியை மட்டும் கடைசிவரைக்கும் காப்பாத்தும். அதனால பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். நின்னுக்கிட்டேதான் இருக்கும். தெரியறப்போ..."

"வாக்கியத்தை முடி."

"தெரியறப்போ கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். குளிர்ல இருபது நாள்கூடத் தாங்கும். இந்த வெயில்ல, திமில்ல ஒண்ணும் இல்லாம..."

"நேத்துக் காலைல விழுந்ததுமே தண்ணி குடுத்தேன். அரை வாளி. சாயங்காலம் அரை வாளி."

அவன் மருந்துப் பெட்டியை மூடினான். சோத்னோம் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் பேச மாட்டேங்கற?"

"வேற மிருகமா இருந்தா, காஞ்ச உடம்புல ஒரேயடியாத் தண்ணி போனா ரத்தம் உடைஞ்சு செத்துடும். இதோட ரத்தம் அப்படி இல்ல. ஒரே மூச்சுல நூறு லிட்டர் குடிச்சாலும் தாங்கும். நேத்தே முழுசா விட்டிருந்தா எந்திரிச்சிருக்கலாம்."

"எந்திரிச்சிருக்கலாமா, எந்திரிச்சிருக்குமா?"

"எந்திரிச்சிருக்கும் டீச்சர்."

கிணறு இருபது அடியில் இருந்தது. உப்புத் தண்ணீர்தான், அவனுக்கு அது போதும். பதினைந்து நாளும் கிணற்றைப் பார்த்தபடி இருந்தான்.

அக்டோபர் 16

விடியும்போது ஷர்கா போய்விட்டான்.

அக்டோபர் 17

சோத்னோம் ஷர்காவின் மூக்கில் கயிறு கட்டுவதற்காகக் குத்தியிருந்த குச்சியை மெதுவாகக் கழற்றி என்னிடம் நீட்டினான். லுன்தேக் செதுக்கியது. வேண்டாம் என்றேன். "அப்போ நான் வெச்சுக்கறேன் அண்ணி" என்று தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். அவனுடைய இரண்டு ஒட்டகங்களைப் பூட்டி மேட்டுக்கு அப்பால் இழுத்துப் போனான். நான் கூடப் போகவில்லை. நின்று பார்த்தேன். மணலில் அகலமான தடம். மாலைக் காற்று அதையும் மூடிவிட்டது.

அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 20

குறிப்பேடுகளைத் திரும்ப எடுத்து வைக்கப் போனேன். 1978-ஐத் திறந்தேன். அக்டோபர் 1. "வாளியில் பனிக்கட்டி. கைப்பிடியால் உடைத்துத்தான் முகம் கழுவினேன். இன்று ஒட்டகம் கட்டினார்."

1981. செப்டம்பர் 30. "முதல் உறைபனி. கன்றுக்குட்டி வழுக்கி விழுந்தது. ஒட்டகம் கட்டினார்."

1983. "கிணற்றுக் கயிறு விறைத்துவிட்டது. கட்டினார்."

எல்லா வருடமும். எல்லா வருடமும் நான்தான் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தில், பிழையில்லாமல்! கடைசி வருடங்கள்: 1998, அக்டோபர் 9, "பனி தாமதம். இன்றுதான் கட்டினார். சோம்பல்."

அவர் தேதி பார்க்கவே இல்லை. வாளியைப் பார்த்தார். பனி பிந்தினால் அவரும் பிந்தினார். பக்கத்திலேயே நின்று இரண்டையும் எழுதியவள், தேதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஏன் பார்க்கல? தினமும் அதே வாளியிலதானே முகம் கழுவின? ஒரு நாளாவது ஐஸ் இருந்துச்சா?

சோம்பல் என்று எழுதினேன். படிக்கத் தெரியாத மனிதரைப் பற்றி, அவருக்குத் தெரியாமல்.

இன்றும் வாளியில் வெறும் தண்ணீர்தான்.

அக்டோபர் 23

முதல் உறைபனி.

அக்டோபர் 29

தண்ணீர் லாரி வந்தது. இதுதான் கடைசி நடை என்றார் ஓட்டுநர். இந்தப் பக்கம் மூன்று குடும்பம்தான் மிச்சம், அவர்களும் வாரக் கடைசியில் போகிறார்கள். "பாட்டி, நீங்க எப்போ?" யோசிக்கிறேன் என்றேன். இரண்டு பீப்பாயும் நிரப்பிக்கொண்டேன்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

லுன்தேக்கிற்காக ஜெபித்தேன். அவர் புத்தரைக் கும்பிட்டவர். நாற்பத்தொன்பது வருடம் என் சிலுவைக்குக் கீழே தன் விளக்கை ஏற்றி வைத்தார், இரண்டும் சண்டை போட்டதில்லை. சாவதற்கு முன் மூன்று மாதமாக வயிறு வலித்ததாம். கடைசி வாரத்தில்தான் சொன்னார். "ஏன் சொல்லவில்லை" என்றதற்கு, "நீ கேக்கலையே" என்றார். அதைக் கிண்டல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிருகங்களுக்கு நித்திய ஆன்மா இல்லை என்று சிஸ்டர் கோதலீவ் சொன்னார். திமிலில் தண்ணீர் என்றும் அவர்தான் சொன்னார். ஷர்காவின் பெயரையும் சேர்த்துக்கொண்டேன்.

நவம்பர் 8

சோத்னோம் கிளம்பினான். வாடகை லாரியில் அடுப்பு, பெட்டி, அவன் மனைவி, புத்தர் படம். ஒட்டகங்கள் போன வாரமே போய்விட்டன. தன் பீப்பாயில் மிச்சமிருந்த தண்ணீரை என் பீப்பாயில் ஊற்ற வந்தான்.

"எனக்கு நிறைய இருக்கு" என்றேன்.

"திறந்து பாக்கட்டுமா?"

"எங்க வீட்டுப் பீப்பாயைத் திறந்து பார்க்கற அளவுக்கு ஆயிட்டியா?"

வாளியைக் கீழே வைத்தான். "அண்ணி, உங்க மகன்கிட்ட சொல்லவா?" நானே எழுதிவிட்டேன் என்றேன். பொய். ஞாயிறு ஜெபத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

லாரி மறைந்த பிறகு சத்தம் என்று எதுவும் இல்லை. இவ்வளவு நாள் அந்த மோட்டார் சைக்கிளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 11

ஒரு பீப்பாயில் வெடிப்பு விட்டிருக்கிறது. எப்போதென்று தெரியவில்லை. அடியில் மண் ஈரம். மற்றதில் ஒரு விரல் ஆழம்தான்.

காலையில் ஒரு கிண்ணம், மாலையில் ஒரு கிண்ணம்.

நவம்பர் 13

மேட்டு நிழலில் பழைய பனி கொஞ்சம் கிடக்கும் என்று போனேன். மணல்தான். காலையில் அரைக் கிண்ணம், மாலையில் அரைக் கிண்ணம். வறுத்த தினை தொண்டையில் இறங்கவில்லை. உதடு வெடித்திருக்கிறது. எழுந்தால் சுவர் சாய்கிறது.

நான் சமாளிப்பேன்.

நவம்பர் 14

கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துப் பார்த்தேன். வாந்தி. மனுஷி சிறுநீரகம் எதற்கும் லாயக்கில்லை.

எழுத்து கோணுகிறது.

நவம்பர் 17

நேற்று முன்தினம் எர்கிம் வந்தான். சோத்னோம் அவனைத் தேடிப் பிடித்திருக்கிறான். இந்தத் தடவை லாரியை வாசல்வரை ஓட்டி வந்தான்.

நான் கட்டிலில் இருந்தேன். கூந்தல் பின்னவில்லை. அவன் பீப்பாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். கண் கலங்கி ஒரு கத்தல்.

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப முடியாதாம்மா? ஒரே ஒரு வார்த்தை!"

"சமாளிச்சிருப்பேன்."

"செத்திருப்பீங்க! சமாளிச்சுக்கிட்டே செத்திருப்பீங்க!"

என் மகன் என்னிடம் குரல் உயர்த்தியது இதுவே முதல் தடவை. நாற்பத்தாறு வயது.

"நீயும்தான் எதையும் சொல்றதில்ல" என்றேன்.

"யாருகிட்டம்மா சொல்றது? ஏழு வயசுல விடுதியில கொண்டுபோய் விட்டீங்களே, ஞாபகம் இருக்கா? ஒட்டகத்து மேல இருந்து இறக்கிவிட்டு, நான் அழுதப்போ என்ன சொன்னீங்க? 'அழாதே, உடம்புல இருக்கற தண்ணி வீணாப்போகும்'னீங்க. அப்புறம் நான் அழலை. எதுக்குமே அழலை."

எனக்கு அது ஞாபகம் இல்லை. இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. வேடிக்கையாகச் சொல்லியிருப்பேன். ஆனால் நான் சொல்லக்கூடியதுதான்.

லாரியிலிருந்து தண்ணீர்க் கேன் கொண்டுவந்து கிண்ணத்தில் ஊற்றினான். குடித்தேன். ஊற்றினான். குடித்தேன். போதும் என்று நானும் சொல்லவில்லை, போதுமா என்று அவனும் கேட்கவில்லை. மார்பெல்லாம் நனைந்துவிட்டது.

"எர்கிம்," என்றேன், "என்னைக் கூட்டிக்கிட்டுப் போ."

டிசம்பர் 8

குடியிருப்பு. நாற்பது வீடு, எல்லாம் ஒரே மாதிரி. தப்பான கதவைத் தட்டிவிட்டேன். குழாய் நன்றாக வேலை செய்கிறது. தானா ஞாயிறு காலையில் நான் சொல்லாமலே தொலைக்காட்சியை அணைத்துவிடுகிறாள். காலுறை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்று நீளம்தான். காலுக்குள் தெரியவில்லை.

டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு

சோத்னோம் ஆறாவது வீட்டில் இருக்கிறான். டீ குடிக்க வந்தான். பேச்சு குறைந்துவிட்டது. இங்கே வேலை ஒன்றும் இல்லை, நாள் முழுக்கச் சீட்டாட்டம் என்றான். "அண்ணி, காலையில எந்திரிச்சு வெளியில வந்து நிக்கறேன். எதைத் தேடறதுன்னே தெரியல." எனக்கும் அப்படித்தான் என்றேன். வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். ஷர்காவைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஜனவரி 18, 2004, ஞாயிறு

சந்திரப் புத்தாண்டுக்கு நாலு நாள். தானா கடைக்குப் போயிருந்தாள். எர்கிம் நேற்று விடியலில் போனவன் இன்று மதியம் வந்தான். கை கழுவினான், ரொம்ப நேரம் கழுவினான். சாப்பாட்டைத் தொடவில்லை. ஜன்னல் பக்கம் நின்றான். நேராக நிற்கிறான், சலனமே இல்லை.

"என்னடா?"

"ஒண்ணுமில்லம்மா."

முன்பென்றால் அத்தோடு விட்டிருப்பேன். ஒன்றுமில்லை என்று சொல்லத் தெரிந்த பிள்ளை என்று உள்ளுக்குள் மெச்சியும் இருப்பேன். எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். அவன் என்னைவிட ஒரு தலை உயரம். முழங்கையைப் பிடித்தேன்.

"என்ன சரக்கு ஏத்தினே?"

நான் கையை எடுக்கவில்லை. மறுபடி கேட்டேன்.

அவன் கட்டிலில் உட்கார்ந்தான்.

"ஒட்டகம்மா. செப்டம்பர்லேருந்து அதுதான். மூடின இடத்துலேருந்தெல்லாம் வாங்கி அனுப்பறாங்க, கறிக்கு. நேத்து முப்பத்தெட்டு. சோத்னோம் மாமாவோடதையும் நான்தான் கொண்டுபோனேன். அவருக்குத் தெரியாது." மூச்சு வாங்கினான். "ஏத்தறப்போ கத்தும்மா. நல்லாக் கத்தும். வண்டி கிளம்பினப்புறம் ஒண்ணுகூடச் சத்தம் போடாது. நானூறு கிலோமீட்டர். நடுவுல நிறுத்தி இறங்கிப் பார்ப்பேன், இருக்கா இல்லையான்னு. எல்லாம் என்னையே பார்த்துக்கிட்டு நிக்கும்."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்புறம்?" என்றேன்.